காசும் கேசும்



கடைத்தெருவில் நாளொன்றுக்கு நூறு முறை ஒலிக்கின்ற ஆங்கிலச் சொல் ஒன்றே இன்றைய பேச்சின் பொருள். ‘கேசா, கடனா?’ என்று கடைக்காரர் கேட்கின்றாரே, அந்தக் கேசு. வழக்குமன்றத்து வழக்கையும் மக்கள் இதே ஒலியால் குறிப்பதுண்டு. அது வேறு சொல், வேறு பிறப்பு. இங்கு ஆராயப்படுவது கைப்பணத்தைக் குறிக்கும் கேசு மட்டுமே.

இச்சொல்லைப் பற்றித் தமிழ்க் கூட்டங்களில் அடிக்கடி எழும் கூற்று ஒன்றுண்டு. காசு என்னும் தமிழ்ச்சொல்லே கடல் கடந்து கேசு ஆயிற்று என்பதே அது. ஒலி ஒத்திருக்கின்றது, பொருளும் ஒத்திருக்கின்றது, கையொலி எழுகின்றது. ஆயின் கையொலி சான்றாகாது. இக்கூற்றில் பாதி உண்மை; பாதி பிழை. உண்மையான பாதி, கேட்டோர் பலரும் அறியாத பெருமை உடையது. பிழையான பாதி, அப்பெருமையையும் சேர்த்து அழிக்க வல்லது. இரண்டையும் பிரித்தறிதல் தமிழ்த்தொண்டு செய்வோர் அனைவருக்கும் கடமையாகும்.

முதலில் கைப்பணத்தைக் குறிக்கும் கேசின் பிறப்பைக் காண்போர் உரோம நாட்டுக்குச் செல்லல் வேண்டும். பழைய உரோமர் தம் நூல்களை நாணற்றாளில் எழுதிச் சுருளாகச் சுற்றி வைத்தனர். அச்சுருள்களை நிறுத்தி வைப்பதற்கு உருளை வடிவான பெட்டி ஒன்று இருந்தது. இலத்தீன மொழியில் அதன் பெயர் ‘கப்சா’. செல்வர் வீட்டுச் சிறுவன் பள்ளிக்குச் செல்கையில் அப்பெட்டியைச் சுமந்து உடன் சென்ற அடிமைக்குக் ‘கப்சாரியுசு’ என்று பெயர். கப்சா என்பது ‘கப்பெரே’ என்னும் வினையடியாகப் பிறந்த சொல். கப்பெரே என்றால் பற்றுதல், கொள்ளுதல். தன்னுள் ஒன்றைக் கொள்வது கப்சா. தமிழில் ‘கொள்’ என்னும் வினையினின்று கொள்கலம் பிறந்தது போன்றதே இது.

இலத்தீனம் பல மொழிகளாகக் கிளைத்தபோது கப்சாவும் உருத்திரிந்தது. இத்தாலியில் ‘கசா’ ஆயிற்று; பிரஞ்சில் ‘கெசு’ ஆயிற்று; போர்த்துகீசியத்தில் ‘கைசா’ ஆயிற்று. மூன்றும் பெட்டியையே குறித்தன. ஆங்கிலத்தில் உறையையும் பெட்டியையும் குறிக்கும் ‘கேய்சு’ என்னும் சொல்லும் இம்மரபினதே. சிறுபெட்டி என்னும் பொருளுடைய ‘கப்சுலா’ இன்று மருந்துக் கடையில் ‘கேப்சூல்’ என்று விற்கப்படுகின்றது. சரக்குந்தின் அடிச்சட்டத்தைத் தொழிற்கூடத்தார் ‘சேசி’ என்கின்றனரே, அதுவும் பிரஞ்சு வழியாக வந்த இப்பெட்டியின் வழித்தோன்றலே. நூற்சுருள் வைத்த பெட்டி எங்கெங்கோ சென்றுவிட்டது.

அப்பெட்டி பணமானது எவ்வாறு? இதற்கு விடை இத்தாலிய வணிகரின் கணக்கு மேசையில் இருக்கின்றது. வெனிசு நகரத்து வணிகர் கணக்கெழுதும் முறையை லூக்கா பாச்சியோலி என்னும் துறவி 1494ஆம் ஆண்டில் நூலாக அச்சிட்டு வெளியிட்டார். வணிகர் தம் பேரேட்டில் ஆட்களுக்குக் கணக்கு வைத்தது போலவே பணப்பெட்டிக்கும் ஒரு கணக்கு வைத்தனர். பெட்டியை ஓர் ஆளாகக் கருதினர். பெட்டிக்குள் சென்ற பணம் பெட்டி பற்றிய பணம். பெட்டியிலிருந்து வெளிவந்த பணம் பெட்டி திருப்பித் தந்த பணம். பெட்டியில் உள்ளதற்கு மேல் எவரும் அதிலிருந்து எடுத்தல் இயலாது. ஆதலால் பெட்டியின் கணக்கு எப்பொழுதும் பற்று நிலையிலேயே இருத்தல் வேண்டும் என்றும், மாறாக இருப்பின் கணக்கில் பிழை நேர்ந்துள்ளது என்றும் பாச்சியோலி அறிவுறுத்தினார். இவ்வாறு, மரத்தால் செய்த பெட்டியின் பெயர் ஏட்டில் எழுதிய தொகையின் பெயராயிற்று.

அக்கணக்கு முறை ஐரோப்பாவெங்கும் பரவியபோது அதன் சொற்களும் உடன் பரவின. 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் கேசு என்னும் வடிவம் ஆங்கிலத்தில் தலைகாட்டியது. 1598ஆம் ஆண்டில் சான் புளோரியோ என்பார் இலண்டனில் வெளியிட்ட இத்தாலிய ஆங்கில அகரமுதலி, கசா என்பதற்குப் பெட்டி என்றும் வணிகரின் கேசு என்றும் பொருள் தந்தது. அடுத்த ஆண்டளவில் சேக்கசுபியர் எழுதிய ‘ஐந்தாம் என்றி’ நாடகத்தில் படைஞன் ஒருவன் மற்றொருவனிடம் தான் தரவேண்டிய தொகையைக் கேசாகவே தருவதாக வாக்களிக்கின்றான். வணிகரின் பேரேட்டுச் சொல் படைஞரின் வாய்ச்சொல் ஆகிவிட்டது.

இப்பொருட்டிரிபு தமிழ் இலக்கணம் அறிந்தோர்க்குப் புதியதன்று. இடத்தின் பெயர் அவ்விடத்திலுள்ள பொருளுக்கு ஆகி வருவதை இடவாகுபெயர் என்பர். ‘ஊர் சிரித்தது’ என்றால் ஊரிலுள்ள மக்கள் சிரித்தனர் என்பது பொருள். பெட்டியின் பெயர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கு ஆகியதும் அதுவே. ஆங்கிலப் பேராசிரியர் பக்கம் பக்கமாக விளக்கும் ஒன்றைத் தமிழ்நாட்டுப் பள்ளிச் சிறுவன் ஒரே சொல்லால் விளக்கிவிடுவான்.

இலக்கணம் மட்டுமன்று, வழக்கிலும் இதற்கு இணை உண்டு. கிழிக்கப்பட்ட துணி கிழி. அத்துணியில் பொன்னை வைத்து முடிந்தபோது முடிப்பும் கிழி எனப்பட்டது. பின்னர்ப் புலவர்க்கு வழங்கும் பரிசே பொற்கிழி ஆயிற்று. இன்று காசோலையாகத் தந்தாலும் அது பொற்கிழிதான். பொன்னும் இல்லை, கிழியும் இல்லை. உருது வழியாகத் தமிழகக் கடைகளுக்கு வந்த ‘கல்லா’ என்னும் சொல்லையும் எண்ணிப் பாருங்கள். அது கடையின் பணப்பெட்டிக்குப் பெயர். ‘இன்றைக்குக் கல்லா எவ்வளவு?’ என்று கேட்கையில் பெட்டியின் விலையையா கேட்கின்றனர்? பெட்டியின் பெயர் பணத்துக்கு ஆகிவிட்டது. பெட்டிப்பொருள் மங்கியதால் ‘கல்லாப்பெட்டி’ என்று இன்னொரு பெட்டியைச் சேர்த்தும் சொல்கின்றனர். ஆங்கிலரும் அவ்வாறே செய்தனர். கேசு என்றால் பெட்டி என்பதை அவர்கள் மறந்தனர். மறந்தபின் பணப்பெட்டிக்குக் ‘கேசு பாக்சு’ என்று பெயரிட்டனர். பிறப்பறிந்து பொருள்கொண்டால் அதற்குப் பெட்டிப்பெட்டி என்பதே பொருள்!

சொல்லின் ஓட்டம் அங்கும் நிற்கவில்லை. பெட்டிப் பணம், கடனுக்கு எதிரான உடன்பணம் ஆயிற்று. விற்பதற்கென்றே விளைப்பது ‘கேசுப் பயிர்’ ஆயிற்று, தமிழில் பணப்பயிர். இன்றைய கணக்கியலாரோ வைப்பகத்தில் கேட்டவுடன் எடுக்கத்தக்க வைப்புத் தொகையையும் கேசு என்னும் தலைப்பிலேயே எழுதுகின்றனர். அதில் பெட்டியும் இல்லை. கையால் தொடத்தக்க ஒன்றும் இல்லை. மற்றொரு புறம், இந்தியாவில் 2016ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் 500 உருபா, 1,000 உருபாத் தாள்கள் செல்லாவென அறிவிக்கப்பட்டபோது, கேசு என்பது தாள்பணம் மட்டுமே என்னும் குறுகிய பொருள் மக்கள் மனத்தில் ஆழப் பதிந்தது. கைப்பேசி வழியாகப் பணம் செலுத்துவோர்க்கு அப்பேசி வழியாகவே சிறுதொகை திரும்ப வருகின்றது. ஒரு காசும் கைக்கு வராத அதற்கும் ‘கேசுபேக்கு’ என்றே பெயர். ஒரே சொல் ஒரே காலத்தில் விரிந்தும் சுருங்கியும் வழங்குகின்றது.

இதுகாறும் சொல்லப்பட்டது கைப்பணக் கேசின் வரலாறு. இதில் தமிழுக்கு இடமில்லை. இதைக் கேட்டு உள்ளம் தளர்வோர் சற்றுப் பொறுத்திடுக. ஆங்கிலத்தில் கேசு என்னும் சொல் ஒன்றன்று, இரண்டு. ஆக்சுபோர்டு அகரமுதலி அவற்றைத் தனித்தனிச் சொற்களாகவே பதிந்துள்ளது. இரண்டாம் கேசு, கீழைநாடுகளில் வழங்கிய சிறுமதிப்புக் காசுகளின் பெயர். அது தமிழ்க் காசுதான்.

காசு என்னும் சொல்லின் பழைமையைக் கழக நூல்களே காட்டும். குறுந்தொகை 67ஆம் பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி தீட்டுகின்றார். கிளியின் வளைந்த அலகில் ஒளிவிடும் வேப்பம்பழம் இருக்கின்றது. புதிய நூலில் கோப்பதற்காகப் பொற்காசு ஒன்றைக் கூரிய நகத்தால் பற்றியிருக்கும் கம்மியனின் விரலை அது ஒத்திருக்கின்றதாம். அங்கே காசு என்பது அணிகலத்தில் கோக்கும் பொன்மணி. திருமுருகாற்றுப்படையிலும் பல காசுகளை நிரைத்த இடையணி பேசப்படுகின்றது. வெண்பாவின் இறுதிச் சீருக்கு வாய்பாடு கூற வந்த இலக்கணத்தாரும் நாள், மலர், காசு, பிறப்பு என்று அச்சொல்லையே எடுத்தாண்டனர். மக்கள் நாவில் ஊறிய சொல் அன்றோ வாய்பாடாக அமையும்?

சோழர் காலத்தில் காசு ஆட்சியின் சொல்லாயிற்று. ஈழக்காசு முதலாகப் பல காசுகளைக் கல்வெட்டுகள் குறிக்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் முதல் காசாகவே பேசப்படுகின்றது. காசொன்றுக்கு ஆண்டுதோறும் அரைக்கால் காசு பொலிசை என்று வட்டியும் வரையறுக்கப்படுகின்றது. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. ஆங்கிலத்தில் கைப்பணக் கேசு தோன்றுவதற்கு ஏறத்தாழ 600 ஆண்டுகள் முன்னரே தமிழகத்தில் காசுக்கு வட்டியும் முதலும் கணக்கிட்டுக் கல்லில் பொறித்துவிட்டனர்.

பின்னர்ப் போர்த்துகீசியர் வந்தனர். 1498இல் வாசுகோட காமா கோழிக்கோட்டில் இறங்கினார். அவரைத் தொடர்ந்து வந்த வணிகர் காதில் காசு என்னும் ஒலி விழுந்தது. தம் மொழியில் பெட்டிக்கும் பணப்பெட்டிக்கும் கைசா என்னும் சொல் இருந்தமையால் காசையும் கைசா என்றே எழுதினர். அறியாத ஒலியை அறிந்த சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழியினர்க்கும் இயல்பு. அவர்பின் வந்த ஆங்கிலரும் அவ்வாறே செய்தனர். கைசா எனக் கேட்டதைத் தம்மிடம் முன்னரே இருந்த கேசு என்னும் வடிவில் எழுதினர். ஆங்கே இரண்டு சொற்களும் ஓருருக் கொண்டன. உரோமரின் பெட்டியும் தமிழரின் காசும் ஒரே சட்டையை அணிந்துகொண்டன. சட்டை ஒன்றானதால் ஆளும் ஒன்றென்று கொள்வது பிழை.

இரண்டாம் கேசு ஆண்ட நாடு சிறிதன்று. சென்னையில் கிழக்கிந்தியக் குழுமத்தார் வைத்த கணக்கில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். அக்கணக்கின்படி ஒரு வராகனுக்கு 3,360 காசு. காசைக் கேசு என்றும், பணத்தைப் ‘பனம்’ என்னாது ‘ஃபனம்’ என்றும் ஆங்கிலர் எழுதினர். பகர ஒலி இல்லாத அரபியர் வாயில் பணம் அவ்வாறு திரிந்து, அத்திரிபையே ஐரோப்பியரும் மேற்கொண்டனர். தரங்கம்பாடியில் கோட்டை கட்டிய டேனியர் தாம் அடித்த சிறுகாசைக் ‘காசு’ என்ற ஒலிக்கு மிக அணுக்கமாகக் ‘கசு’ என்றனர். புதுச்சேரிப் பிரஞ்சியரும் அப்பெயரைத் தம் ஒலிக்கேற்ப எழுதினர். நான்கு ஐரோப்பிய இனத்தார் தமிழ்நாட்டுக் கரையில் காசு அடித்தபோதும் காசுக்குப் பெயர் தமிழே தந்தது.

குழுமத்தார் இங்கிலாந்திலேயே காசு அடித்துக் கப்பலில் அனுப்பியதும் உண்டு. பர்மிங்காம் நகரை அடுத்த சோகோ என்னுமிடத்தில் மேத்தியூ போல்டன் நடத்திய அக்கசாலை, நீராவிப் பொறியால் செப்புக்காசு அடிப்பதில் பெயர் பெற்றது. 1803ஆம் ஆண்டிலும் 1808ஆம் ஆண்டிலும் சென்னைக்கென அடிக்கப்பட்ட செப்புக்காசுகளில் மதிப்பு கேசு என்றே பொறிக்கப்பட்டது. 20 காசுச் செப்பில் பாரசீக எழுத்தும் உண்டு. அக்காசுகளை ஏற்றிவந்த ‘அட்மிரல் கார்டனர்’ என்னும் கப்பல் 1809 சனவரியில் புயலில் சிக்கிக் கெண்டுக் கரையை அடுத்த குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் முக்குளிப்போர் அக்காசுகளைப் பெருந்தொகையாக வெளிக்கொணர்ந்தனர். 175 ஆண்டுகளுக்கு மேல் ஆங்கிலக் கடலின் அடியில் கிடந்த அச்செம்பில் தமிழரின் காசு ஆங்கில எழுத்தில் கிடந்தது.

சென்னைக் கணக்கில் காசும் பணமும் வராகனும் 1818இல் உருபாவுக்கு இடம் தந்தன. தரங்கம்பாடி 1845இல் ஆங்கிலர் கைக்கு மாறியது. தென்கோடியில் திருவிதாங்கூர் அரசோ காசை விடவில்லை. 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஓர் உருபா என்னும் முறை, அவ்வரசு 1949இல் கொச்சியோடு இணையும் வரை நிலைத்தது. இன்றைய குமரி மாவட்டத்து முதியோர் வீடுகளில் ஒரு காசுச் செப்பு இன்னும் கிடைத்தல் கூடும்.

சீனத்துக்கும் இச்சொல் சென்றது. நடுவில் சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோத்துவைக்கும் சீனச் செப்புக்காசை ஆங்கிலர் கேசு என்றே குறித்தனர். சீனர் தம் காசை அவ்வாறு அழைத்ததில்லை. அவர் மொழியில் அதற்கு வேறு பெயர்கள் உண்டு. தென்னாட்டில் கற்ற பெயரையே ஐரோப்பிய வணிகர் கீழ்க்கடல் முழுதும் எடுத்துச் சென்றனர். சீனத்துப் பழங்காசைப் பற்றி இன்று ஆங்கிலத்தில் எழுதுவோர் எவராயினும் தமிழ்ச்சொல் ஒன்றை அறியாமலே எழுதுகின்றனர்.

இரண்டு கேசுகளும் வேறு என்பதை எவ்வாறு துணிவது? சொல்லாய்வுக்கு மூன்று உரைகற்கள் உண்டு. காலம், வழி, பொருள் என்பன அவை. கைப்பணக் கேசைக் காலக்கல்லில் உரைத்துப் பாருங்கள். கிழக்கிந்தியக் குழுமம் அமைந்ததே 1600ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள். அதற்கு முன்னரே அச்சொல் இலண்டன் வணிகர் வாயிலும் நாடக மேடையிலும் வந்துவிட்டது. வழிக்கல்லில் உரைத்தால், அது கீழைநாடு சென்றோர் குறிப்பிலன்றி, இத்தாலியக் கணக்கு முறையைக் கற்றோர் எழுத்தில் காணப்படுகின்றது. பொருட்கல்லில் உரைத்தால், தொடக்கத்தில் அது பெட்டியைக் குறிக்கின்றது. தமிழ்க் காசு எக்காலத்தும் பெட்டியைக் குறித்ததில்லை. மூன்று கல்லிலும் அது தமிழ்ப்பொன் அன்று. காசுப்பெயராகிய கேசை உரைத்தால் மூன்று கல்லிலும் தமிழ்ப்பொன் ஒளிவிடுகின்றது.

ஒலியொப்புமை மட்டுமே போதும் என்போர் ஒன்றை எண்ணுக. உரோமரின் பெட்டிக்குக் கப்சா என்று பெயர். தமிழகத் தெருப்பேச்சில் கப்சா என்றால் புளுகு. ஒலி முழுவதும் ஒத்திருக்கின்றது. அதனால் புளுகு உரோமரின் பெட்டியிலிருந்து வந்தது என்று எவரேனும் சொல்வரோ? சொன்னால் அதுவே கப்சாவாகும்.

ஆங்கிலரே தம் சொற்களில் இத்தகைய மயக்கத்துக்கு ஆளாவதுண்டு. பணம் வாங்குவோரைக் ‘கேசியர்’ என்பர்; அது பெட்டி வழிவந்த சொல். படைத் தலைவன் ஒருவனை இழிவுபடுத்திப் பணியினின்று நீக்குவதையும் ஆங்கிலத்தில் அதே எழுத்தால் எழுதுவர். பணக்கணக்கில் தவறியதால் நீக்கப்பட்டான் போலும் என்று மயங்குவோர் உண்டு. அவ்வினையோ டச்சு வழியாகவும் பிரஞ்சு வழியாகவும் வந்தது. வெறுமை என்னும் பொருளுடைய இலத்தீனச் சொல்லடியாகப் பிறந்தது. பெட்டிக்கும் அதற்கும் உறவில்லை.

இந்த உரைகல்லைத் தமிழர் கூற்றுக்கு மட்டுமன்றி மாற்றார் கூற்றுக்கும் பயன்படுத்தல் வேண்டும். யூலும் பர்னலும் தொகுத்து 1886இல் வெளியிட்ட ‘ஆப்சன் சாப்சன்’ என்னும் சொற்றொகை, காசுப்பெயராகிய கேசு தமிழ்க் காசு என்னும் வடிவினின்று போர்த்துகீசியர் வழியாக வந்தது என்பதை எடுத்துக் கூறியது. ஆயின் அதற்கும் மூலம் வடமொழிக் ‘கர்சம்’ என்று அவர்கள் எழுதிவிட்டனர். கர்சம் என்பது ஒரு நிறையின் பெயர். குறுந்தொகையில் வரும் காசோ நூலில் கோக்கும் மணி. துலையில் நிறுக்கும் நிறையன்று. நிறை மணியான வழியைக் காட்டாத வரையில் அம்முடிவும் ஒலியொப்புமை அளவிலேயே நிற்கும். இவ்வாறு மாற்றாரை வினவுதற்கு உரிமை யாருக்கு உண்டு? தம் கூற்றையும் அதே கல்லில் உரைக்க ஒப்பியவர்க்கே உண்டு. ‘கேசு முழுவதும் தமிழே’ என்று சான்றின்றி முழங்குவோர், ‘காசு முழுவதும் வடமொழியே’ என்று சான்றின்றிச் சொல்வோரை மறுக்கும் தகுதியை இழந்துவிடுகின்றனர்.

‘தமிழுக்கு வரும் பெருமையைத் தமிழரே ஏன் குறைத்தல் வேண்டும்?’ என்று கேட்போர் உளர். அவர் கேள்வி அன்பினின்று எழுவது. ஆதலால் அதற்கு விடை கூறல் கடன். வணிகன் ஒருவன் பை நிறையக் காசு கொண்டுவருகின்றான். அதில் ஒன்று செல்லாக்காசு எனத் தெரிந்தால் வாங்குவோன் என் செய்வான்? பையிலுள்ள ஒவ்வொன்றையும் தட்டிப் பார்ப்பான்; சிலவற்றை ஐயத்தாலேயே தள்ளிவிடுவான். கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகரமுதலிகளில் தமிழென்றே பதிவாகியுள்ள நற்காசுகள். அவற்றோடு கைப்பணக் கேசையும் கலந்து நீட்டினால், அகரமுதலியைத் திறந்து பார்க்கும் ஓர் இளைஞன் நற்காசுகளையும் நம்பமாட்டான். அவ்விளைஞன் மாற்றான் அல்லன், தமிழ்வீட்டுப் பிள்ளை. அவனை இழப்பதே பேரிழப்பு. ஒரு சொல் போவதால் தமிழ் குறையாது. ஓர் இளைஞனின் நம்பிக்கை போனால் தமிழ் குறையும்.

பண்டைத் தமிழகத்தில் காசின் தரத்தை ஆராய்வோரை வண்ணக்கர் என்றனர். அவருள் புலமை மிக்கோரும் இருந்தனர். வடம வண்ணக்கன் தாமோதரனார் போன்ற பெயர்கள் கழகத் தொகைகளில் நிலைத்துள்ளன. காசை உரைத்துப் பார்த்த கையே பாட்டும் எழுதியது. அத்தகைய வண்ணக்கர் சொல்லுக்கும் வேண்டும். பள்ளிதோறும், மன்றந்தோறும் அவர்கள் தோன்றுதல் வேண்டும்.

அவர்கள் முதலில் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. கேசு தமிழென்று மெய்ப்பிக்கப் பாடுபடுவோர் பலர், கடையில் நின்று கேசு என்றே பேசுகின்றனர்! கேசின் பிறப்பு எதுவாயினும், காசின் பிறப்பில் ஐயமில்லை. காசு என்றே சொல்லலாமே. உடன் தரும் பணத்துக்குக் கைப்பணம், உடன்பணம் என்னும் சொற்கள் உண்டு. ‘ரொக்கம்’ என்பதைத் தமிழென்று கருதிச் சிலர் வழங்குகின்றனர். ரகரம் தமிழ்ச்சொல்லுக்கு முதலாகாது என்னும் இலக்கணமே அதன் பிறப்பைக் காட்டிவிடும். கேசியரைக் காசாளர் என்றும், கேசு புத்தகத்தைக் கைப்பணக் குறிப்பேடு என்றும் எழுதுவதற்கு எவர் இசைவும் வேண்டுவதில்லை. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வாழும் தமிழர் வெள்ளிக்குக் கீழ்ப்பட்ட சில்லறையைக் காசு என்றே இன்றும் வழங்குகின்றனர். ஆள்வோர் மாறினர், அக்கசாலைகள் மாறின, காசு என்னும் பெயர் மாறவில்லை. அயல்மொழியில் தமிழைத் தேடுவது ஆராய்ச்சி, அது வேண்டும். தமிழர் வாயில் தமிழைக் காப்பது வாழ்வு; அது அதனினும் வேண்டும்.

இறுதியாக ஒன்று. காசு என்னும் ஒலிக்குத் தமிழில் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. காசறு என்றால் குற்றமற்ற என்பது பொருள். மணியிலும் பொன்னிலும் தமிழர் தேடியது காசறு தன்மையே. காசுக்கு உரிமை கொண்டாடும் ஆய்வும் காசறு ஆய்வாக அமைதல் வேண்டும். உள்ளதை உள்ளவாறு சொல்லுக, இல்லாததை விடுக. உள்ளதே தமிழுக்குப் போதும்.